ரோகா

1989 ஜனவரி 22, ஞாயிற்றுக்கிழமை. அப்பா வழக்கம்போல் லேக் மார்க்கெட்டுக்குப் போய்க் காப்பிப்பொடி வாங்கி வந்தார். அம்மா இட்லி வார்த்தாள். அக்கா, தலைவலி என்று சாப்பிடாமல், இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு மொட்டைமாடி வெயிலில் போய் உட்கார்ந்தாள்.

அக்காவுக்குப் பதினைந்து வயது, எனக்கு ஒன்பது. முந்தைய நவராத்திரியில் சால்ட் லேக் அத்தை எல்லோர் முன்னிலையிலும், "இவளைப் பொண்ணு பாக்க வரதுக்குள்ள வாசக்கதவை இடிச்சுப் பெரிசாக் கட்டணும்" என்றாள். எல்லோரும் சிரித்தோம். அக்காவும் சிரித்தாள். கையிலிருந்த சுண்டலை மட்டும் கிண்ணத்தில் திரும்பப் போட்டாள். அந்த வாரமே வெள்ளிக்கிழமை விரதம் ஆரம்பமானது. பிறகு சனி, பிறகு திங்கள். விரதமில்லாத நாட்களில் தலைவலி. "இந்த வயசுல யாருக்கு இவ்வளவு பக்தி!" என்று அம்மா பார்ப்பவர்களிடமெல்லாம் பெருமைப்பட்டாள்.

மாடிக்குத் துணி உலர்த்த வந்த கீழ்வீட்டு வங்காளி மாஷிமா அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துப் பதறினாள். "ஓ மா! கீ ரோகா ஹோயே கேச்சே மேயேட்டா!"

அம்மாவின் வங்காளம் மீன்காரனைத் திருப்பி அனுப்பும் அளவுக்குத்தான். அடுக்களையில் இருந்த அவள் காதில் ரோகா மட்டும் விழுந்தது. ரோகம்! உடனே அடுப்பை அணைத்தாள், புடவை மாற்றினாள்.

"கிளம்புடி, டாக்டர்கிட்டப் போலாம்."

"எனக்கு ஒண்ணுமில்லம்மா, விடு!"

அக்கா மாடிக்கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அம்மா இழுத்தாள். பள்ளியில் வங்காளம் படிக்கும் கெட்டிக்காரனான நான் குறுக்கே புகுந்தேன். "ஐயோ அம்மா, ரோகான்னா ஒல்லி! வியாதி இல்ல."

அம்மா என்னையே பார்த்தாள். பிறகு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அக்கா என்னைக் கட்டிக்கொண்டாள். ஸ்வெட்டருக்குள் அவள் எலும்புகள் என்னைக் குத்தின. சாயங்காலம் வந்த அத்தையிடம் அப்பா இதைச் சொல்ல, "இப்பத்தான் பாக்க லட்சணமா இருக்கா" என்றாள் அத்தை.

அது வியாதிதான் என்று ஒரு மருத்துவர் சொல்ல மேலும் இரண்டு வருடங்கள் ஆயின. வீட்டில் அன்று அந்தச் சொல்லைச் சரியாகக் கேட்டவள் அம்மா ஒருத்திதான் என்பது எனக்கு அப்போது தெரியாது.

மறுநாள் திங்கட்கிழமை, விரதம். காலையில் முதல் வேலையாக அக்கா தன் பங்கு இட்லிகளை என் தட்டில் வைத்தாள். நான் இன்னும் கொஞ்சம் சர்க்கரை கேட்டேன்.