ஏழுமலையின் போட் மோட்டாரும் என் வாயும்

தங்கவயலில் கடல் கிடையாது. பூமிக்குள் இறங்கித் தங்கம் தோண்டிப் பிழைத்த ஊர் இது. அப்படிப்பட்ட ஊரில், ராபர்ட்சன்பேட்டையில் இருந்த என் ஒர்க்‌ஷாப் வாசலில், ஒரு புதன்கிழமை ஆட்டோவிலிருந்து போட் மோட்டார் ஒன்று இறங்கியது. பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்து, "இன்னாங்க, நம்ப மாரிகுப்பத்துல ஹார்பர் கட்டறாங்களா?" என்றார்.

கொண்டுவந்தவன் ஏழுமலை. மைன்ஸில் நான் பம்ப் ஃபிட்டர், அவன் பம்ப் ஆப்பரேட்டர். சுரங்கம் மூடியதும் நான் ஸ்பேனரை நம்பிக் கடை போட்டேன். அவன் கிடைத்த வேலையெல்லாம் செய்துவிட்டு, வயதான காலத்தில் ஒரு பழைய போட்டை வாங்கியிருந்தான். பக்கத்து ஏரியில் ஜனங்களைப் படகில் சுற்றிக் காட்ட கான்ட்ராக்ட் விடப்போகிறார்கள். திங்கட்கிழமை ஆபீசரை ஏற்றிக்கொண்டு ஓட்டிக் காட்ட வேண்டும்.

"இது அமைஞ்சா போதும்பா. இனிமே எவன்கிட்டயும் போயி வேல கேட்டு நிக்க வேணாம்," என்றான். "கியர் ஆயில் மட்டும் மாத்திக் குடு."

1. பிளக்கைத் திறந்தபோது

போட் மோட்டாரில் கியர் பெட்டி தண்ணீருக்குள் இருக்கும், புரொப்பெல்லருக்குப் பக்கத்திலேயே. பைக்குக்கு ஊற்றுவது மாதிரி மேலேயிருந்து ஊற்றினால் உள்ளே காற்று நின்றுவிடும். கீழ் பிளக், மேல் பிளக் இரண்டையும் கழற்றிப் பழைய ஆயிலை வடிக்க வேண்டும். பிறகு கீழ் ஓட்டை வழியாகக் கைப் பம்பால் புது ஆயிலை ஏற்ற வேண்டும். மேல் ஓட்டையில் குமிழி இல்லாமல் ஆயில் வழிந்தால் நிறைந்துவிட்டது. மேல் பிளக்கை முதலில் மூடிவிட்டு அப்புறம்தான் கீழே பம்பை எடுக்க வேண்டும். வாஷர் புதிதாகப் போட வேண்டும். இதையெல்லாம் நான் சரியாகத்தான் செய்தேன்.

ஆனால் வடிந்த ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தது. உள்ளே தண்ணீர் போகிறது என்று அர்த்தம். புரொப்பெல்லரைக் கழற்றினேன். தண்டில் மீன் வலையின் நைலான் நூல் சுற்றி, தண்ணீரை உள்ளே விடாமல் தடுக்கும் ரப்பர் சீலை அறுத்திருந்தது. புது சீல் சென்னையிலிருந்து வர ஒரு வாரம் ஆகும்.

சுரங்கத்தில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பம்ப் நின்றால் சுரங்கத் தளத்தில், அதாவது லெவலில், தண்ணீர் ஏறும், கீழே ஆட்கள் இருப்பார்கள். அதனால் ஆயில் பாலாக வந்தாலும் வடித்துவிட்டுப் புதுசை ஊற்றி ஓட்டுவோம். சீலை, மிஷின்களை நிறுத்தும் ஷட்டவுனில் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் அங்கே அடுத்த ஷிஃப்டுக்கு வருகிறவனிடம் சொல்லிவிட்டுத்தான் மேலே வரும் கேஜ் லிஃப்டில் ஏறுவோம். ஓட்டுகிற பழக்கம் என்னிடம் மிச்சம் இருந்தது. சொல்கிற பழக்கம் போய்விட்டது.

ஏழுமலை டீ வாங்கிக்கொண்டு வருவதற்குள் அறுந்த சீலோடேயே புரொப்பெல்லரை மாட்டி, பழைய ஆயிலை வேஸ்ட் டின்னில் கொட்டிவிட்டேன்.

"ஆயிலு எப்படி கீது?"

"பழசாயிடுச்சி. மாத்திட்டேன். தைரியமா ஓட்டு."

சொல்லியிருந்தால் அவன் தேதியைத் தள்ளிக் கேட்டிருப்பான். ஃபிட்டர் கையில் வேலை நின்றது என்ற பேர் வேண்டாம் என்று நினைத்தேன். வீண் பெருமை, வேறொன்றும் இல்லை.

2. ஏரி நடுவே

நாலு நாள் அவன் ஓட்டிப் பழகினான். திங்கட்கிழமை போட்டில் ஆபீசர், அவருடைய கிளார்க், மோட்டார் பிடித்துக்கொண்டு ஏழுமலை, மெக்கானிக் என்ற பெருமையோடு நான். போகும்போது நன்றாகப் போனது. நடு ஏரியில் திரும்பும்போது கரகரவென்று அரைக்கும் சத்தம் வந்தது. இன்ஜின் உதறிக்கொண்டு நின்றது. ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்தால் அசையவில்லை. கியர் பிடித்துக்கொண்டுவிட்டது.

"ஏனாய்த்து மேஸ்திரி?" என்று ஆபீசர் என்னைப் பார்த்துக் கன்னடத்தில் கேட்டார்.

மைன்ஸில் மிஷின் நின்றால் இன்ஜினியரும் இதே 'என்ன ஆச்சு'வைத்தான் கேட்பார். ஃபிட்டர் உடனே "ஆப்பரேட்டர் தப்பு" என்பான். ஆப்பரேட்டர் "ஃபிட்டர் தப்பு" என்பான். இன்ஜினியர் இரண்டையும் பாதி பாதி எழுதிக்கொண்டு போவார். யாருக்கும் வேலை போகாது. பிறகு நாங்கள் இருவரும் கேன்டீனில் சேர்ந்து உட்கார்ந்து சிரிப்போம். எத்தனையோ தடவை நானும் ஏழுமலையும் அப்படிச் செய்திருக்கிறோம்.

என் வாய் அன்றைக்கும் அதையே சொன்னது. "ஓட்டறவரு சட்டுனு ரிவர்ஸ் போட்டுட்டாரு சார். கியர் தாங்கல."

அவன் ரிவர்ஸ் போடவே இல்லை. பதிலுக்கு "ஃபிட்டர் தப்பு" என்று சொல்வான் என்று காத்திருந்தேன். அவன் என்னை ஒரு தடவை பார்த்தான். பிறகு துடுப்பை எடுத்துக்கொண்டான். கரைக்கு வர அரை மணி நேரம் ஆனது. அவன் மெதுவாகத்தான் துடுப்புப் போட்டான்.

ஓட்டத் தெரியாதவன் என்று எழுதி, கான்ட்ராக்டை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். ஏழுமலை போட்டை விற்றான். இப்போது விடியற்காலை ரயிலில் பெங்களூருக்குப் போய் ஒரு அபார்ட்மென்ட் வாசலில் செக்யூரிட்டியாக நிற்கிறான். கேட்டைத் திறக்கிறான், மூடுகிறான்.

3. பாலகாட்டில்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர் பாலகாட் பகுதியில் இருக்கும் அவன் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பால் நிறம், அறுந்த சீல், டின்னில் கொட்டியது, எதையும் விடவில்லை.

"தெரியும்பா," என்றான். "போட் நின்ன அன்னிக்கி சாயங்காலமே பிளக்கத் தொறந்து பாத்தேன். வெறும் தண்ணிதான் வந்துச்சி."

"அப்பறம் ஏன்டா என்ன ஒரு வார்த்த கேக்கல?"

"கேட்டு இன்னா ஆவப்போவுது? தண்ணில இருக்க சொல்லோ நீயே மாத்திச் சொல்லுவன்னு நெனச்சேன். அதுக்குத்தான் துடுப்ப மெதுவாப் போட்டேன். கரை வரைக்கும் பாத்தேன்."

அந்த அரை மணி நேரமும் அவன் கை வலிக்கிறது, வயதாகிவிட்டது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்தத் தொழிலுக்கு வரும் தம்பிகளுக்குச் சொல்வது இதுதான். ஆயில் பாலாக வந்தால் கொட்டிவிடாதீர்கள். வண்டிக்காரர் வரும்வரை வைத்திருந்து காட்டுங்கள். காட்டாமல் மூடிவிட்டீர்கள் என்றால், அதன் பிறகாவது வாயைத் திறங்கள். எனக்கு அரை மணி நேரம் கிடைத்தது, நான் திறக்கவில்லை.