அரிசிக்கடையில் முடிந்த போர்

ஒரு அரிசியை முன்பல்லால் கடித்துப் பார்த்து, "ஈரம் போகல, இது நாளைக்கு" என்று மூட்டையை ஓரமாகத் தள்ளுகிறார் தொகுஷிகே. அடுத்த மூட்டைக்குள் கைவிட்டு இன்னொன்றைக் கடிக்கிறார். ஜப்பானின் தெற்கு ஓரத்தில் எங்கள் ஊரான ஷிபுஷியில் பாதி வீடுகளுக்கு அவர் கடை அரிசிதான். புருவத்தில் எப்போதும் தவிட்டுத் தூள். என் வயதுதான், ஐம்பத்து மூன்று, ஒரே பள்ளிக்கூடம். அச்சில் வருகிறதே என்றுதான் 'அவர்' போடுகிறேன்.

சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் தொடமாட்டார். போர்க்காலத்தில் தின்றதே ஏழு ஜென்மத்துக்குப் போதுமாம். அரிசி வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு பிடி கூடப் போடுவார், கூடவே ஒரு பிரசங்கமும் உண்டு. அணுகுண்டு விழாவிட்டாலும் போர் முடிந்துதான் இருக்கும் என்பது அவர் கட்சி. துறைமுகமெல்லாம் கண்ணிவெடி, கப்பல் வராது, அரிசி வராது. "தளபதியா முடிப்பான்? வயிறு முடிச்சிருக்கும்யா" என்பார்.

வருஷா வருஷம் ஆகஸ்ட் மாதம் ஒரு ஞாயிறு மதியம் மட்டும் வியாபாரம் கிடையாது. விலை எழுதும் கரும்பலகையைத் துடைத்து, குண்டு விழாமலிருந்தால் 1945-ல் போர் முடிந்திருக்கும் தேதியைத் தன் கணக்குப்படி எழுதுவார்: டிசம்பர் 12. பத்துப் பதினைந்து பேர் மூட்டைகள்மேல் உட்கார்ந்து கேட்பார்கள். என் மனைவி மிசாவோ பதினோரு வருஷமாக ஒரு தடவைகூடத் தவறவிட்டதில்லை.

அவளுடைய தம்பி ஜுன்ஜி நாகசாகியில் கப்பல் கட்டும் இடத்தில் வேலை பார்த்தவன். ஆகஸ்ட் 9-ல் குண்டு விழுந்த பிறகு எலும்புகூட வீட்டுக்கு வரவில்லை. தொகுஷிகே சொல்லும் போரில்தான் குண்டே கிடையாதே! டிசம்பரில் ஜுன்ஜி துணி மூட்டையோடு நம் ஊர் ஸ்டேஷனில் இறங்கிவிடுவான். ஒரு வருஷம் பிரசங்கத்திலேயே அவனுக்குப் படகுத்துறையில் வேலை வாங்கிக் கொடுத்தார். போன வருஷம் கல்யாணமே பண்ணி வைத்துவிட்டார். அன்றைக்கெல்லாம் மிசாவோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே உலை வைப்பாள். முப்பது வருஷம் குடும்பம் நடத்திய என்னால் அந்த முகத்தை ஒரு நாளும் வரவழைக்க முடிந்ததில்லை. எனக்குப் பொறாமைதான். வயிறு எரிகிறது, மறைப்பானேன்?

இந்த வருஷம் என் முடிவெட்டும் கடையைச் சாத்திவிட்டு நானும் போனேன்.

"நவம்பர்ல அமெரிக்கக் கப்பல் நம்ம விரிகுடாவுக்கு வருது. கொஞ்ச நாள் சண்டை. அப்புறம் டிசம்பர்..." என்று தொகுஷிகே ஒரே மூச்சில் தாண்டினார். நான் காத்திருந்தது அதற்குத்தான். போரில் நான் படகுப் படையில் இருந்தவன். ஒட்டுப்பலகைப் படகு, முன்பக்கம் முழுக்க வெடிமருந்து. எதிரிக் கப்பல் வந்தால் அதோடு போய் முட்ட வேண்டும். அதற்குள் குண்டு விழுந்து நாடு சரணடைந்ததால்தான் உயிரோடு வீடு திரும்பினேன். ஊருக்கே இது தெரியும்.

"நவம்பர்ல கப்பல் வந்தா என் படகும் கிளம்பியிருக்கும்ல, தொகுஷிகே? அப்போ டிசம்பர்ல ஜுன்ஜி வந்து இறங்கும்போது நான் எங்க இருக்கேன்?"

ஆளை மடக்கிவிட்டோம் என்று ஒரு நிமிஷம் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு மிசாவோவைப் பார்த்தேன். தலையைக் குனிந்து மடியிலிருந்த கைக்குட்டையை மடித்துக்கொண்டிருந்தாள், பிரித்தாள், திரும்ப மடித்தாள். தம்பியா புருஷனா என்று நாலு பேர் முன்னால் நான் அவளைக் கேட்டுவிட்டது அப்போதுதான் உறைத்தது. முப்பது வருஷமாக எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்காத கேள்வி. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்துவிடுவாளோ என்று பயந்தேன்.

எதைக் கேட்டாலும் கப்பல் எண்ணிக்கையும் கிடங்கிருப்பும் வைத்திருக்கிற மனிதர் சாக்கட்டியைக் கையில் எடுத்துக்கொண்டார். அவரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளங்கையால் டிசம்பரை அழித்துவிட்டு 'ஜூலை 31' என்று எழுதினார்.

பள்ளிக்கூட வாத்தியார் இஜிச்சி விடவில்லை. "ஜூலையில கிடங்குல அரிசி இருந்துச்சுன்னு நீங்கதானே வருஷா வருஷம் சொல்றீங்க? அப்புறம் எப்படிப் போர் முடியும்?"

"தெரியல வாத்தியாரே" என்றார் தொகுஷிகே. "முடிஞ்சிருச்சு. ரெண்டு பேரும் வீட்டுக்கு வந்துட்டாங்க."

சொல்லிவிட்டு, பலகையை ஆணியிலிருந்து கழற்றி எடுத்துவந்து, மிசாவோ தலை நிமிராமலே படிக்கும்படி அவள் காலடியில் சாய்த்து வைத்தார்.