அடுத்த பக்கத்தில் பூனை

அக்டோபர் இரண்டாவது சனிக்கிழமை. ஜன்னல்களில் கொசுவலைச் சட்டங்களைக் கழற்றிவிட்டுக் குளிர்காலக் கண்ணாடிகளை மாட்டும் நாள். ஜோலீன் ஏணியில் நின்றாள். அவள் அம்மா வெர்னா கீழிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். மொத்தம் பதினொன்று. ஒன்பதாவதைக் கொடுத்ததும் வெர்னா படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னம்மா ஆச்சு?"

"தாடை வலிக்குதுடி. காலையில இருந்தே. இடது கையும் கனமா இருக்கு."

"டாக்டருக்குப் போன் போடட்டுமா?"

"சனிக்கிழமை எந்த டாக்டர் எடுப்பான்? அத்தியாயம் முடியுது, அவ்வளவுதான். பக்கத்தைத் திருப்பினா பூனைதான் நிக்கும்."

ஜோலீன் சிரித்தாள். அது அந்த வீட்டின் பழைய வேடிக்கை.

வெர்னா, லைமா என்ற ஊரில் பள்ளி ஒன்றின் மதிய உணவுக்கூடத்தில் இருபத்தாறு வருடம் பரிமாறியவள். பிள்ளைகள் மேசையில் மறந்துவிட்டுப் போன பேய்க்கதைப் புத்தகங்களில், யாரும் கேட்டு வராதவற்றை வீட்டுக்கு எடுத்து வருவாள். முதல் புத்தகத்தைப் படித்தபோது அவளுக்கு நாற்பத்தொரு வயது. மூச்சுவிடும் நிலவறை, இரவில் இடம் மாறும் பொம்மை, கல்லறையிலிருந்து பாடம் நடத்த வரும் ஆசிரியை. ஒவ்வொரு அத்தியாயமும் அலறலில் முடியும். அடுத்த பக்கத்தில் பார்த்தால் பூனை, இல்லையென்றால் முகமூடி போட்ட தம்பி.

முடிதிருத்தும் கடைக்காரி டோரீன் கிண்டல் செய்யாமல் விடமாட்டாள். "வெர்னா, உனக்குப் பால் பல்லு எல்லாம் விழுந்துடுச்சா?"

"விழுந்துடுச்சு. உன் நாக்குதான் இன்னும் விழல."

வெர்னாவின் கணவன் மெர்ல் லாரி விபத்தில் இறந்த வருடம், வாரத்துக்கு இரண்டு என்று படித்தாள். பெரியவர்களுக்கான நாவல் ஒன்றை ஜோலீன் வாங்கி வந்தபோது, பின்னட்டையைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "இதுல எல்லாரும் செத்துப்போவாங்கடி. என் புத்தகத்துல கடைசியில எல்லாரும் வீட்டுக்கு வந்து சாப்பிடுவாங்க."

ஜோலீனின் வேலை பள்ளிக்கூடங்களில் தீ எச்சரிக்கை மணிகளைச் சோதிப்பது. நேரில் போய்ப் பார்க்கும்வரை எந்த மணியும் பொய்மணி அல்ல. புதிதாகச் சேருபவர்களுக்கு அவள் சொல்லித்தரும் முதல் விதி அதுதான். அன்று அவள் மீதி இரண்டு கண்ணாடிகளையும் மாட்டினாள், ஏணியைக் கொட்டகையில் வைத்தாள், ஆறு மணிக்குத் தன் வீட்டுக்குக் கிளம்பினாள்.

மறுநாள் காலை பக்கத்து வீட்டுக்காரர் வெர்னாவைச் சமையலறைத் தரையில் பார்த்தார். உயிர் இருந்தது.

"வலி எப்ப ஆரம்பிச்சுது?" மருத்துவமனையில் மருத்துவர் கேட்டார்.

"நேத்து காலையில."

அவர் குறித்துக்கொண்டார்.

"பேசுங்க, அவங்களுக்குக் கேக்கலாம்" என்றாள் நர்ஸ். அம்மாவின் கைப்பையில் பாதி படித்த புத்தகம் இருந்தது. அதை உரக்க வாசித்தாள். அத்தியாயம் முடிகிற இடத்தில் நிறுத்த அவளுக்குத் தைரியம் வரவில்லை. கடைசி வரியையும் அடுத்த அத்தியாயத்தின் முதல் வரியையும் ஒரே மூச்சில் படித்தாள். புத்தகம் தீர்ந்ததும் முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

"பூனைதான்மா. பாரு, பூனைதான். கண்ணைத் தொற."

கட்டிலருகே இதயத்துடிப்பைக் காட்டும் திரையில் கோடு ஒரே மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்திலிருந்த எண்கள் ஜோலீனுக்குப் புரிந்தன. அதனால் திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு இருபதுக்கு அவள் பின்னால் திரையின் மணி அடித்தது.

வெர்னா இறந்து இரண்டு நாள் கழித்து, வியாழக்கிழமை, அவளுடைய போன் ஒலித்தது. ஜோலீன் எடுத்தாள்.

"வெர்னா, நூலகத்துல இருந்து பேசுறேன். நீங்க கேட்ட புத்தகம் வந்துடுச்சு. டெலவர் ஊர் நூலகத்துல இருந்து வரவழைச்சேன், தெரியுமா? குழந்தைங்க பகுதியில போய் நிக்காதீங்க, என் மேசையிலயே வச்சிருக்கேன். சனிக்கிழமை அஞ்சு மணி வரைக்கும்தான் வைக்க முடியும். வந்துடுவீங்கல்ல?"

ஜோலீன் வாயைத் திறந்தாள்.

"சரி" என்றாள்.

சனிக்கிழமை ஐந்து மணிவரை அவள் நூலகத்துக்கு எதிரே வண்டிக்குள் உட்கார்ந்திருந்தாள். இறங்கவில்லை.