நாலு விரல் பாக்கி

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். உங்களை நம்பவைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. நான் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் எத்தனை மணிக்கு நின்றது, எத்தனை மணிக்கு மறுபடி ஓடியது என்று குறித்துவைப்பது இருபது வருஷப் பழக்கம். அன்றைக்கும் சட்டைப்பையில் நோட்டு இருந்தது. நான் இங்கே சொல்லப்போகும் நேரமெல்லாம் அதில் என் கையெழுத்தில் இருக்கிறது. கதை கட்டத் தெரிந்திருந்தால் நான் ஏன் ஸ்பானரைப் பிடிக்கப் போகிறேன்?

இன்னொன்று. பேய் நடுராத்திரியில்தான் வரும் என்று யார் சொன்னது? எனக்கு நடந்தது பட்டப்பகலில்.

அந்தப் பயணம் என் மனைவியின் ஆசை. வீட்டிலேயே தையல் சொல்லிக்கொடுக்கிறாள். நான் டெய்லரம்மா என்றுதான் கூப்பிடுவேன். மலைமேல் ஒரு பழங்குடிக் குடியிருப்பில் பெண்கள் தறி இல்லாமல், உடம்பையே தறியாக வைத்து நெய்கிறார்கள் என்று எங்கேயோ பார்த்துவிட்டாள். எட்டு வருஷத்தில் அவள் என்னிடம் கேட்ட ஒரே ஊர்சுற்றல். துணி பார்க்க மலை ஏற வேண்டுமா என்று முணுமுணுத்துக்கொண்டேதான் கிளம்பினேன்.

ஜீப்பில் இரண்டு மணி நேரம் ஏறினோம். பள்ளத்தாக்கு முழுக்கப் பச்சை. வளைவுக்கு வளைவு அருவி. என் எரிச்சல்கூடக் கொஞ்சம் இறங்கியது, பொய் சொல்லக் கூடாது. ஜீப்காரர் வீட்டிலேயே ஒரு அறை எங்களுக்கு. போய்ச் சேர்ந்தது 1.50.

முன்னறையில் அவருடைய மனைவி தரையில் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தாள். நிறைமாசம். பாவின், அதாவது நீளவாக்கு நூலின், ஒரு முனை வீட்டு நடுத்தூணில் கட்டியிருந்தது. மறுமுனை அவள் இடுப்பைச் சுற்றிய தோல் பட்டையில். அவள் பின்னால் சாய்ந்தால் நூல் விறைக்கும், முன்னால் வந்தால் தளரும். சிவப்பும் கறுப்புமாகத் துணி. ஒரு வரி முடிந்ததும் பலகையால் அடிப்பாள். டக்... டக்...

"பிள்ளையை முதுகுல கட்டுற துணிம்மா" என்றார் ஜீப்காரர். "பிள்ளை வர்றதுக்குள்ள முடிக்கணும். இன்னும் நாலு விரல்தான் பாக்கி."

"நான் கொஞ்சம் நெய்து பாக்கலாமா?" டெய்லரம்மாவுக்குக் கை துறுதுறுத்தது.

"அது ஆகாதும்மா. ஒருத்தர் துணியில இன்னொருத்தர் உக்கார மாட்டோம். ஒவ்வொரு உடம்புக்கும் இழுப்பு வேற. நடுவுல ஆள் மாறினா துணியில கோடு விழுந்துடும். எத்தனை வருஷம் கழிச்சுப் பாத்தாலும் தெரியும்."

2.20. நெய்துகொண்டிருந்தவளுக்கு வலி வந்துவிட்டது.

பக்கத்து வீட்டு நர்ஸம்மா ஓடிவந்தார். அங்கே இருந்த ஒரே வண்டி நாங்கள் வந்த ஜீப்தான். அதில் அவளை ஏற்றினார்கள். பட்டையைக் கழற்றும்போது அவள் துணியைத்தான் பார்த்தாள், புருஷனைப் பார்க்கவில்லை. என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, "வந்து முடிச்சிடறேன்" என்றாள். ஏதோ எங்களிடம் வாங்கிய வேலை மாதிரி.

2.35க்கு நர்ஸம்மாவும் கூட ஏறிக்கொள்ள, ஜீப் போயிற்று. மழை பிடித்துக்கொண்டது. பின்னாலேயே மூடுபனி. எதிர் வீடுகூடத் தெரியவில்லை. போனில் சிக்னல் இல்லை, கரண்டும் போய்விட்டது.

2.50. நான் அறையில் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தேன். முன்னறைக்கு வந்து பார்த்தால் டெய்லரம்மா பட்டையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"அவர் என்ன சொன்னார், நீ என்ன பண்றே?"

"பாவம்ங்க அந்தப் பொண்ணு. நாலு விரல்தானே. முடிச்சு வெச்சா பிள்ளையோட வரும்போது சந்தோஷப்படுவா."

சொல்லிக் கேட்கிற ஜாதியா அவள்? விட்டுவிட்டேன். நான் செய்த தப்பு அது.

அவளுக்கு வரவில்லை. இரண்டு வரி போட்டாள், கோணல்மாணலாக வந்தது. அவளே பிரித்துவிட்டாள். "எனக்குக் கை பிடிபடலைங்க, எழுந்துடறேன்" என்று பட்டை முடிச்சில் கை வைத்தாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். காபி போட அடுப்பைப் பற்றவைக்கலாமா என்று யோசித்ததால் பார்த்தேன்.

3.05.

அவள் கை முடிச்சிலிருந்து நழுவியது. நூலுக்குப் போயிற்று.

டக்... டக்... டக்...

தடுமாற்றமே இல்லை. பத்து வருஷம் நெய்த கை மாதிரி இருந்தது. வரிக்கு வரி சிவப்பும் கறுப்பும் சரியாக விழுந்தன.

"அட, பிடிபட்டுருச்சே டெய்லரம்மா" என்றேன்.



பக்கத்தில் போனேன். அவள் துணியைப் பார்க்கவில்லை. தூணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை மட்டும் ஓடியது.

"ஏங்க..." குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "எழுந்திருக்க முடியலைங்க."

பட்டை முடிச்சை இழுத்தேன். கப்பிக் கயிறு, ஸ்டீல் வடம் எல்லாம் அவிழ்த்த கை இது. ஒரு நூல்கூட அசையவில்லை. 3.40. பெட்டியிலிருந்து கத்தியை எடுத்துவந்தேன். பாவு நூலில் விளிம்பு பட்டதுதான் தாமதம்... அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அலறினாள்.

"வெட்டாதீங்க... உள்ள அறுக்குது..."

கத்தியைத் தூரப் போட்டேன். வெளியே போய்க் கத்தினேன். மூடுபனிக்குள் என் குரல் பத்தடிகூடப் போகவில்லை. யாரும் வரவில்லை. உள்ளே அந்தச் சத்தம் மட்டும் நிற்காமல் கேட்டது. அவளைத் தனியாக விட்டுவிட்டு எங்கே ஓடுவது?

4.10. அவள் நெய்வதை நிறுத்தாமலே முனகினாள். பின்னால் சாய்ந்தாள். நான் அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து முதுகை நெஞ்சில் தாங்கிக்கொண்டேன். வேறு என்ன செய்யத் தெரியும் எனக்கு? வயிற்றில் கை வைத்தேன். கல் மாதிரி இறுகி, தளர்ந்தது.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவள் வயிற்றில் அன்றைக்கும் ஒன்றும் இல்லை.

4.22. மறுபடி இறுகியது.

4.34. மறுபடி.

ஒரு கையால் அவளைப் பிடித்துக்கொண்டு மறுகையால் நோட்டில் எழுதினேன். பைத்தியக்காரத்தனம்தான். எழுதாமல் இருந்தால் நானும் அலறியிருப்பேன்.

5.02... 5.09... 5.15...

ஒன்று சொல்ல மறந்தேன். அவள் முதுகு குளிர்ந்துகொண்டே வந்தது. முதலில் மழைக் குளிர் என்று நினைத்தேன். சால்வை போர்த்தினேன். சால்வையும் குளிர்ந்தது. என் சட்டை குளிர்ந்தது. என் நெஞ்செலும்பு விறைத்தது.

"எம்மா, எனக்கு அவளை விட்டா யாரும் இல்லம்மா" என்றேன். யாரிடம் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. "அவளைக் குடுத்துடு."

டக்...

டக்...

5.50. ஒரு விரல் பாக்கி.

அவள் பாரம் ஏறியது. என் தொடை மரத்தது. தாங்க முடியவில்லை.

விடவில்லை.

6.04. அரை விரல்.

மூச்சு கேட்கிறதா என்று காதை வைத்தேன்.

கேட்கவில்லை.

கை மட்டும்...

டக்...

6.12.

சத்தம் நின்றது.

அவள் குனிந்து நூலைப் பல்லால் கடித்தாள். பட்டையை ஒரே இழுப்பில் அவிழ்த்தாள். துணியை நாலாக மடித்துத் தூணடியில் வைத்தாள். அப்புறம் என் மேல் சரிந்தாள். சரிந்த உடம்பு சூடாக இருந்தது. மூச்சு வந்தது. நான் சின்னப்பிள்ளை மாதிரி அழுதேன்.

"என்னங்க, ஏன் அழறீங்க? தூங்கிட்டேனா?" என்றாள்.

மறுநாள் காலை 8.20க்கு ஜீப்காரரும் நர்ஸம்மாவும் நடந்தே வந்தார்கள். நர்ஸம்மா கையில் துண்டில் சுற்றிய பெண் குழந்தை. ஜீப்காரர் யாரையும் பார்க்காமல் வாசற்படியில் உட்கார்ந்தார்.

நர்ஸம்மாதான் சொன்னார். பாதி வழியில் மண் சரிந்து ஜீப் நின்றுவிட்டது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. வண்டியிலேயே அந்தப் பெண் போய்விட்டாள்.

"பத்தொம்பது வருஷம் இந்த வேலை பாக்கறேன் சார். நாடி பாத்தேன், மூச்சு பாத்தேன். நான்தான் கண்ணை மூடிவிட்டேன். உடம்பு ஜில்லுனு ஆகிடுச்சு. ஆனா வயிறு மட்டும் நிக்கல. வலி வந்துகிட்டே இருந்துச்சு. செத்தவளுக்கு எப்படி சார் வலி வரும்?"

அவரும் நேரம் குறித்துவைத்திருந்தார். இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். 4.10, 4.22, 4.34... அப்படியே இருந்தது. குழந்தை பிறந்தது 6.12.

உயிர் போன நேரம் 3.05.

என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். நடந்ததை நான் ஜீப்காரரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. தூணடியில் இருந்த துணியை எடுத்து வெளிச்சத்தில் விரித்தார். கடைசி நாலு விரலை முன்னும் பின்னும் திருப்பினார். நகத்தால் தடவினார். வெகுநேரம் தேடினார்.

"கோடு இல்ல சார்" என்றார். "ஆளே மாறல. முழுசும் அவதான் நெய்திருக்கா."

துணியில் குழந்தையைப் போட்டு முதுகில் கட்டிக்கொண்டார். அழுதுகொண்டிருந்த குழந்தை அடங்கிவிட்டது.

ஒரு வருஷம் ஆகிறது. டெய்லரம்மா நன்றாகத்தான் இருக்கிறாள். இடுப்பில் பட்டை பதிந்த தடம் மட்டும் இன்னும் போகவில்லை. அவளுக்கு அந்த மூன்று மணி நேரம் சுத்தமாக நினைவில்லை.

எனக்கு நினைவிருக்கிறது. 4.10லிருந்து 6.12 வரை ஒரு பெண்ணின் முதுகை என் நெஞ்சில் தாங்கிக்கொண்டிருந்தேன். அது என் மனைவியின் முதுகு இல்லை என்றால்... அவ்வளவு நேரமும் என் மனைவி எங்கே இருந்தாள்?