நாத்தனாருக்காக வாங்கிய யுகுலேலே

என் முதல் யுகுலேலே, கிடார் மாதிரி இருக்கும் அந்தக் குட்டி வாத்தியம், மட்டமான சாமான். மறுக்கவில்லை. ஒரு பாட்டு முடிவதற்குள் நாலு தந்தியும் தளர்ந்துவிடும். கைப்பேசியில் வீடியோ பார்த்து நாற்பது வயதுக்கு மேல் கற்றுக்கொண்டவளுக்கு அது போதும் என்றுதான் இருந்தேன், பாபநாசத்தில் நடந்த அந்த நலங்கு வரைக்கும்.

என் வீட்டுக்காரரின் அக்காதான் எங்கள் குடும்பத்துப் பாடகி. எந்த விசேஷமானாலும் அவர் பாடுவார், பக்கத்தில் உட்கார்ந்து நான் வாசிப்பேன். அன்று பாதிப் பாட்டில் நிறுத்தினார்.

"பொம்மைக்கடை சாமானைத் தூக்கிட்டு வந்துட்டா. இதை வச்சுக்கிட்டு நான் எப்படிப் பாடறது, நீங்களே சொல்லுங்க" என்று கூடத்தைப் பார்த்துக் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்த என்னைப் பெற்றவளும் சிரித்தாள்.

உண்மையில் பாதித் தப்புதான் என் தந்தியினுடையது. இரண்டாவது சரணம் வந்தால் நாத்தனாரின் சுருதி மெல்லக் கீழே இறங்கிவிடும். தன் முதுகு தனக்குத் தெரியாது. அவர் இறங்கும்போதெல்லாம் உள்ளங்கையால் தந்திகளை அமுக்கி, வித்தியாசம் வெளியே கேட்காமல் பார்த்துக்கொண்டவள் நான். அதற்குத்தான் இந்த மரியாதை! ஆனால் என் வாத்தியமே தப்பாக இருக்கும்போது யாரைக் குறை சொல்வது? பல்லைக் கடித்துக்கொண்டு கறுவிக்கொண்டிருந்தேன்.

குறுவை அறுப்பு முடிந்ததும் தஞ்சாவூரில் ஒரு கடைக்குப் போனேன்.

"குழந்தைக்குங்களா?" என்று கேட்டுப் பூப்போட்டதாக நாலைந்தை எடுத்து வைத்தார் கடைக்காரர்.

"எனக்குத்தாங்க. அழகு வேண்டாம், சுருதி நிக்கணும்."

ஒவ்வொன்றிலும் அதே பாட்டை மூன்று தடவை வாசித்து, கைப்பேசியில் சுருதி காட்டும் முள்ளைப் பார்த்துச் சரிபார்த்தேன். வருகிறவர்கள் எல்லாம் தட்டிப் பார்ப்பதற்காக வெளியே மாட்டியிருந்த ஒரு பழுப்பு நிற யுகுலேலேயில் மட்டும் முள் அசையவில்லை. "அது டிஸ்ப்ளே பீஸுங்க, உள்ளேருந்து புதுசு தர்றேன்" என்றார். இதுவே போதும் என்றேன். புதுத் தந்தி பத்து நாளைக்கு இழுபட்டுச் சுருதி இறங்கிக்கொண்டே போகும். பந்திக்குக் குழைந்துபோகிற புது அரிசியையா வடிப்பார்கள்? எனக்கு ஒரு வாரம்தான் இருந்தது.

திருக்காட்டுப்பள்ளியில் நாத்தனார் மகளுக்கு வளைகாப்பு. வழக்கம்போல் அவர் பாட, இரண்டாவது சரணத்தில் சுருதி இறங்கியது. நான் தந்தியை அமுக்கவில்லை. கொஞ்சம் பலமாகவே வாசித்தேன். பாட்டை நிறுத்தி, என் மடியிலிருந்த வாத்தியத்தைப் பார்த்து முகம் சுளித்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் சங்கீதம் தெரிந்த சம்பந்தியம்மா குறுக்கிட்டார்.

"வாத்தியம் சரியாத்தாங்க இருக்கு. நீங்கதான் இறங்கிட்டீங்க."

நாத்தனார் முதலிலிருந்து பாடினார். அதே இடத்தில் அதே இறக்கம். இந்த முறை எல்லாருக்கும் கேட்டது. யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அன்றைய சாப்பாட்டில் இரண்டு தடவை பாயசம் வாங்கிக் குடித்தேன்.

கொல்லைப்புறத்தில் கை கழுவும்போது அவர் வந்து நின்றார். கண் சிவந்திருந்தது.

"நான் எப்பவுமே இப்படித்தான் இறங்குறேனா?"

"ஆமாங்க அண்ணி."

"இத்தனை வருஷமா பக்கத்துலயே உக்காந்திருந்தியே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? திருத்திக்கிட்டிருப்பேனே."

நிச்சயம் திருத்திக்கொண்டிருப்பார். பாபநாசத்திலிருந்து திரும்பிய நாள் முதல் அதற்குப் பயந்துதான் நான் வாயே திறக்கவில்லை.