கருவாடு இல்லாத கடைத்தெரு

யுத்தம் முடிந்து ஹோட்டல்கள் வந்த பிறகு கற்பிட்டிக் கடைத்தெருவுக்குப் பாரம்பரிய விழாவும் வந்திருக்கிறது. வெள்ளைக்காரருக்கு நாற்றம் ஆகாதென்று ஏற்பாட்டாளர்கள் கருவாட்டுக் கடைகளைப் பூட்ட வைத்துவிட்டார்கள். பூட்டிய கடையொன்றின் முன்னால் அதன் சொந்தக்காரர் றஹீம் நானா, அவர்கள் உடுக்கக் கொடுத்த பளபளக்கும் சாரத்தோடும் வெறும் கூடையோடும் நிற்கிறார்.

"என்ன நானா இந்தக் கோலம்?" என்று கேட்கிறேன்.

"பாரம்பரியக் கருவாட்டு யாவாரியாம் தம்பி. கருவாடு கூடாதாம், யாவாரி மட்டும் வேணுமாம்."

மேடையில் ஒருவர் தெருவின் பெருமையை முழங்கிக்கொண்டிருக்கிறார். வெள்ளைக்காரப் பெண்ணொருத்தி கூடைக்குள் எட்டிப் பார்த்து, கருவாடு எங்கே என்று கேட்கிறாள். நானா கூடையை என்னிடம் தந்துவிட்டு, கடையின் பின்கதவுக்கு அவளைக் கூட்டிப்போகிறார்.

அடுத்து வந்தவர்கள் என்னைப் படம் எடுக்கிறார்கள். கொழும்பிலிருந்து காலை பஸ்ஸில் வந்திறங்கிய நான், பாரம்பரியமாகச் சிரிக்கிறேன்.