எத்தல்பர்ட் கேட்டு வாங்கிய சுவர்

போர்ட் ஆஃப் ஸ்பெயினில் எங்கள் தெருவில் எத்தல்பர்ட் கிட்டன்ஸைப் போல் வெட்கங்கெட்ட மனிதர் இன்னொருவர் கிடையாது. சுங்க இலாகாவில் முப்பது வருடம் முத்திரை குத்தியவர். பையன்கள் எண்ணெய்ப் பீப்பாயைத் தட்டி இசை பழகிய காலத்தில் ஜன்னலைச் சாத்திக்கொண்டவர். அதே பீப்பாய்க்கு வெளிநாட்டுக்காரர்கள் கைதட்டத் தொடங்கியதும் அவருக்கு உறவு முளைத்துவிட்டது.

‘ஸ்டீல்பேண்ட்’ என்ற பெயரை உண்டாக்கியதே தான்தான் என்று சொல்லித் திரிந்தார். மூங்கிலைத் தரையில் இடித்து ஊர்வலம் போனவரை மூங்கில் பேண்ட். எஃகுப் பீப்பாய் வந்ததும் ஸ்டீல்பேண்ட். இதற்கு ஒரு மேதை வேண்டுமாம்.

பையன்கள் பீப்பாய் வாசித்துப் பழகும் கொட்டகைச் சுவரில் அந்தச் சொல்லின் கதையை எழுத வாத்தியக் குழு முடிவு செய்தது. எத்தல்பர்ட் தவியாய்த் தவித்தார். பிள்ளை குட்டி இல்லை. பெயர் சொல்ல ஒரு சுவராவது வேண்டும். குழுத் தலைவன் ரூபர்ட்டுக்கு ரம் வாங்கிக் கொடுத்தார், தனக்கு வெள்ளைக் கோட்டுத் தைத்துக்கொண்டார்.

ஞாயிறு மதியம் கொட்டகையில் குழுவுக்குச் சமைத்துப் போடும் அடீனா கோழிச் சோறு பரிமாற, அவர் கதையைத் தொடங்கினார்.

“நாப்பத்திமூணாம் வருஷம். கார்னிவல் திங்கக்கிழமை. ஜன்னல்ல நின்னு பாக்குறேன், பீப்பாயோட பசங்க வர்றாங்க. அப்பத்தான் அந்தப் பேரு என் வாயில வந்துச்சு.”

சாப்பிட்டவர்கள் கை நின்றது. யுத்தம் என்று அந்த வருடங்களில் கார்னிவல் திருவிழாவையே தடை செய்திருந்தார்கள். ஊருக்கே தெரிந்த விஷயம், பொய்யை மெருகேற்றியே நாளைக் கழித்தவருக்கு மறந்துபோயிருந்தது.

அடீனா கரண்டியைக் கீழே வைத்தாள். “அந்த வருஷம் ஏது ஐயா கார்னிவல்? தடைய மீறித் தெருவுல இறங்குனது எங்கண்ணனும் நாலு பேரும்தான். நீங்க ஜன்னல்ல இல்ல, போலீஸ் ஸ்டேஷன்ல இருந்தீங்க. ‘ஸ்டீல்பேண்ட் ரவுடிங்க’ன்னு எழுதிக் குடுத்தீங்க. நாங்க அத வெறும் ‘பேன்’னு, சட்டின்னுதான் சொல்லுவோம். அந்தப் பேர நாங்க மொதல்ல கேட்டதே உங்க புகார்லதான். அண்ணன் மூணு மாசம் உள்ள இருந்தான்.”

எத்தல்பர்ட் தட்டைத் தள்ளி வைத்தார். வேறு எவனாக இருந்தாலும் எழுந்து போயிருப்பான்.

“அப்ப, அந்தப் பேரு என்னோடதுதானே?” என்றார்.

ரூபர்ட் அவரை மேலும் கீழும் பார்த்தான். “ஆமாங்கய்யா. உங்க பேரக் கண்டிப்பா போடுறோம்.”

போட்டார்கள், தெருவே படிக்கும் அளவுக்குப் பெரிதாக: ‘ஸ்டீல்பேண்ட் – எங்களைப் பிடித்துக்கொடுக்க எத்தல்பர்ட் கிட்டன்ஸ் போலீசுக்கு எழுதிய பெயர்.’

சுவர் அவர் வீட்டுக்கு நேர் எதிரே இருக்கிறது. ஜன்னலை அவர் மறுபடி சாத்திக்கொண்டார்.